மண்டியிட்ட பெற்றோர்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, சங்கப் பெண்பாற் புலவர் ஒருவரைப் பற்றி நான் எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். அவ்வாறே தொடங்கவும் செய்தேன். ஒக்கூர் மாசாத்தியாரின் மூதின்முல்லைப் பாடலை வகுப்பில் நடத்தாத ஆண்டு எனக்கு இல்லை. உற்றாரைப் போரில் இழந்த பின்னரும், தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, கையில் வேலைக் கொடுத்துக் களத்திற்கு அனுப்பும் தாயைப் பற்றிய பாடல் அது. சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து, மகனை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் திரும்பிய அந்தத் தாய் அன்றிரவை எப்படிக் கழித்திருப்பாள் என்று வினவினாள். அது துறையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று கூறி மேற்சென்றேன். இலக்கண அளவில் அவ்விடை பிழையன்று. எனினும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வினாவுக்குரிய விடை, நம் நூற்பரப்புக்கு வெகு தொலைவில், ஜெர்மானியப் பெண் ஒருவரின் வாழ்வில் நாளும் பொழுதும் குறிக்கப்பட்டுக் கிடக்கின்றது. அவர் பாவலர் அல்லர், ஓவியர், சிற்பி. பெயர் கேத்தே கோல்விட்ஸ். 1908 முதல் 1943 வரை அவர் எழுதிவந்த நாட்குறிப்புகளே அவர் வாழ்வை அறிய நமக்குப் பெருந்துணை.

கேத்தே 1867ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், அன்றைய கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்நகர் இன்று கலினின்கிராட் என்னும் பெயரில் ரஷ்யாவைச் சேர்ந்துள்ளது. தாய்வழிப் பாட்டனார் யூலியஸ் ரூப், அரசுத் திருச்சபையுடன் முரண்பட்டு வெளியேற்றப்பட்டவர். தமக்கெனத் தனியொரு சமயக் குழுவை நிறுவியவர். தந்தை கார்ல் ஷ்மிட் சட்டம் பயின்றும், தம் அரசியல் கொள்கைக்கு அப்பணி ஒவ்வாது எனக் கருதிக் கட்டடத் தொழிலை மேற்கொண்டவர். மனச்சான்றின் பொருட்டு வாழ்க்கை வசதியை இழப்பது அக்குடும்பத்தில் வழிவழி வந்த பழக்கம் போலும்.

மகளின் கைத்திறனை முதலில் கண்டுணர்ந்தவர் தந்தையே. பெண்களுக்குக் கலைக்கழகங்கள் கதவைத் திறவாத அக்காலத்தில், பெர்லினிலும் மியூனிக்கிலும் இருந்த பெண்களுக்கான கலைப்பள்ளிகளுக்கு அவரை அனுப்பினார். பயிலும்போதே மருத்துவ மாணவரான கார்ல் கோல்விட்ஸுடன் கேத்தேக்கு மண உறுதி நிகழ்ந்துவிட்டது. தந்தைக்கு அதில் உவப்பில்லை. இல்லறத்தையும் கலையையும் ஒருங்கே நடத்துதல் அரிது. தேர்ந்தது இல்லறமாயின் அதிலேயே முழுமையாக நிற்பாயாக என்ற கருத்துப்பட அவர் அறிவுறுத்தினார். 1891 ஜூனில் திருமணம் நடந்தது. மகள் தந்தையின் அறிவுரையை ஏற்கவில்லை. இரண்டிலும் முழுமையாக நின்றார்.

புதுமணமக்கள் வடபெர்லினில் தொழிலாளர் நிறைந்த பகுதியொன்றில், வைசன்பர்கர் தெருவின் 25ஆம் எண் வீட்டில் குடியேறினர். தையல் தொழிலாளரின் நோய்க்காப்பு நிதியைச் சார்ந்த மருத்துவராகக் கார்ல் பணியாற்றினார். வேலையற்ற கணவன், ஓயாத மகப்பேறு, குழந்தையின் காய்ச்சல் என்று அல்லற்பட்ட பெண்கள் அவரை நாடி வந்தனர். வந்தவர்களுள் பலர் மருத்துவரின் மனைவியிடமும் தம் துயரைச் சொல்லிச் சென்றனர். அம்மையாரின் ஓவியங்களில் நாம் காணும் முகங்கள் அவ்வீட்டுப் படிகளில் ஏறி வந்தவையே. 1892இல் மூத்த மகன் ஹான்ஸும், 1896 பிப்ரவரி 6இல் இளையவன் பீட்டரும் பிறந்தனர். கைக்குழந்தைகளுக்கு இடையில்தான் 'நெசவாளர் எழுச்சி' என்னும் அச்சோவியத் தொடர் உருவாயிற்று. 1898இல் அது பெர்லின் பெருங்கண்காட்சியில் இடம்பெற்றபோது, முதுபெரும் ஓவியர் மென்செல் அதற்குப் பொற்பதக்கம் பரிந்துரைத்தார். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்தார். வீட்டில் பணிப்பெண் ஒருவர் துணை நின்றதனாலேயே கலைப்பணி இடையறாது நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அத்துணையில்லாத எத்தனை கேத்தேக்களை உலகம் அறியாமற்போயிற்றோ!

1903இல் வரைந்த 'இறந்த குழந்தையுடன் பெண்' என்னும் அச்சோவியம் இங்குத் தனியே நோக்கத்தக்கது. தாயொருத்தி காலை மடக்கித் தரையிலமர்ந்து, இறந்த குழந்தையின் மார்பில் முகத்தைப் புதைத்து, விலங்கு தன் குட்டியை அணைப்பது போல அணைத்துக் கிடக்கிறாள். அதற்கென வேறு எவரையும் அமர்த்தாமல், ஏழு வயதுப் பீட்டரைக் கையில் ஏந்திக் கண்ணாடிமுன் அமர்ந்து தம்மையே வரைந்தார் அம்மையார். பாரம் தாங்காமல் அவர் முனகியபோது, ஓவியம் மிக அழகாக வரும், பொறுத்துக்கொள் என்று அச்சிறுவன் தேற்றினானாம். பதினோர் ஆண்டுகளுக்குப் பிறகு அவன் உண்மையாகவே இறந்தபோது இப்படத்தை நினைந்து அத்தாய் என்ன பாடுபட்டிருப்பார் என்பதை விரித்துரைக்க என் எழுதுகோல் கூசுகிறது.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. பதினெட்டு வயதான பீட்டர் அப்போது நண்பர்களுடன் நார்வே நாட்டில் நடைப்பயணம் சென்றிருந்தான். விரைந்து திரும்பியவன், தொண்டர் படையில் சேரப்போவதாக அறிவித்தான். ஹான்ஸ் முன்னரே படையழைப்புப் பெற்றிருந்தான். இருபத்தொரு வயது நிரம்பாதவன் படையில் சேரத் தந்தையின் ஒப்புதல் வேண்டும். ஆகஸ்ட் 10ஆம் நாள் மாலை வீட்டில் அப்பேச்சு எழுந்தது. கார்ல் உறுதியாக மறுத்தார். நாட்டுக்கு உன் வயதினர் இப்போது தேவையில்லை, தேவையாயின் அழைத்திருப்பர் என்பது அவர் வாதம். நாடு என் வயதினரை அழைக்கவில்லை, ஆயினும் நான் அதற்குத் தேவை என்றான் மகன். பிறகு வாய்பேசாமல் தாயையே நோக்கினான். அப்பார்வையில் இரந்து நிற்கும் குறிப்பு இருந்தது. தாய் எழுந்தார், மகன் பின்தொடர்ந்தான். கதவருகில் இருவரும் தழுவிக்கொண்டனர். பின்னர் அத்தாய் கணவரிடம் சென்று, மகனுக்காக மன்றாடினார். தந்தை இசைந்தார்.

இந்த மன்றாட்டை அம்மையார் தம் கையாலேயே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எழுதாது விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. மகனைப் பறிகொடுத்த தாயாக மட்டுமே நாம் அவரைப் போற்றியிருப்போம். சமதர்மக் கொள்கையில் ஊறிய குடும்பம். ஏழையரின் துயரையே வரைந்துவந்த கை. பேரரசர் வெறுத்த ஓவியர். அத்தகையவரும் அந்த ஆகஸ்ட் மாதத்தின் ஆரவாரத்தில், தியாகம் என்னும் சொல்லின் ஒளியில், தடுமாறினார். நாட்டுவெறி அவரைப் பற்றிக்கொண்டது என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. மகனின் தூய உள்ளத்தை மதித்தல் வேண்டும், வளர்ந்த பிள்ளையின் வழியில் குறுக்கே நிற்றலாகாது என்னும் தாய்மையின் பண்பே அவரை அவ்வாறு செய்வித்தது. அவரது துயரம் அப்பண்பிலிருந்தே முளைத்தது.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் பீட்டரின் படை பெல்ஜியத்திற்குப் புறப்பட்டது. பத்து நாள்கள் கடந்தன. 22ஆம் நாள் இரவு, டிக்ஸ்மூட நகரையடுத்த களத்தில் அவன் குண்டடிபட்டு இறந்தான். 30ஆம் நாள் செய்தி வீடு வந்து சேர்ந்தது.

போர்க்களத்தைப் பற்றி நூல்கள் பல உள. போர்க்காலத்து வீட்டைப் பற்றி எழுதுவோர் குறைவு. 1915இன் தொடக்கத்திலேயே பெர்லினில் ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை வந்துவிட்டது. பிரிட்டனின் கடற்படை முற்றுகையால் வெளியுணவு வரத்து அற்றது. 1916இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் பொய்த்தது. அவ்வாண்டின் குளிர்காலத்தில் மக்கள் மாட்டுத் தீவனமான டர்னிப் கிழங்கை வேகவைத்தும் மாவாக்கியும் உண்டு உயிர்தாங்கினர். அக்காலத்தை ஜெர்மானியர் இன்றும் டர்னிப் குளிர்காலம் என்றே குறிப்பிடுவர். கணவர் களத்திலிருக்க, பெண்கள் பகலில் படைக்கலத் தொழிற்சாலையிலும் விடியலில் கடைவாயில் வரிசையிலும் நின்றனர். அவ்வரிசையிலிருந்து நேரே மருத்துவர் கார்லின் அறைக்கு வந்தவர்களும் உண்டு. தம் மகனை இழந்த மருத்துவர் பிறர் மகவைத் தொட்டு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வீட்டில் ஓர் அறை மட்டும் மாறாமல் இருந்தது. பீட்டரின் அறையை அவன் விட்டுச் சென்ற வண்ணமே பெற்றோர் பேணினர். கிறிஸ்துமஸ் நாளில் அவ்வறையில் மரம் நட்டு மெழுகுவத்தி ஏற்றினர். அம்மையார் அங்குத் தனித்தமர்ந்து மகனோடு மனத்தாற் பேசிவந்தார்.

இங்கே இல்லறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மறுத்தவர் கணவர், வேண்டிப் பெற்றவர் மனைவி. அவ்வொப்புதல் மகனின் உயிரைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தனர். குற்றம் சாட்டிப் பிரியாமலும், நடந்ததை மூடி மறைக்காமலும் வாழ்வதற்கு எத்தகைய மனம் வேண்டும்! தொடக்க ஆண்டுகளில் கணவர்பால் தமக்கிருந்த தயக்கங்களை நாட்குறிப்பில் ஒளிக்காமல் எழுதியவர் அம்மையார். 1916 ஜூனில் மணவாழ்வின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவில், பசியும் சாவும் சூழ்ந்த நகரில் அமர்ந்து, கணவருக்கு நன்றி கூறி அவர் ஒரு மடல் வரைந்தார்.

மகன் இறந்த ஆண்டின் டிசம்பரிலேயே நினைவுச் சின்னம் ஒன்றை வடிக்க அவர் உறுதிபூண்டார். கிடத்திய மகனின் உடல், தலைமாட்டில் தந்தை, காலடியில் தாய் என்பது முதல் அமைப்பு. தொண்டர்களாகச் சென்று மாண்ட இளைஞர் அனைவர்க்கும் அது பொதுவாக வேண்டும் என்று விரும்பினார். வேலை தொடங்கியது, முன்னேறவில்லை. காரணம் கைத்திறக் குறைவன்று. அந்தச் சாவு எதற்கு என்பதே அவருக்கு விளங்காமற் போயிற்று. மகன் ஒரு நம்பிக்கையோடு சென்றான். அந்நம்பிக்கையைத் தாமும் காத்தால்தான் அவனுக்கு உண்மையானவராக இருக்க முடியும். ஆனால் 1916 அக்டோபர் வாக்கில் போர் அவர் கண்ணுக்கு வெறும் பித்தாகவே தோன்றியது. அவ்வாறு காண்பது இறந்த மகனுக்கு இழைக்கும் துரோகம் ஆகுமோ என்று அவனையே விளித்து எழுதுகிறார். போரை ஏற்றால் உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்குப் பகை. மறுத்தால் இறந்த பிள்ளைக்குப் பகை. இந்த இருதலைக்கொள்ளிக்கு நடுவே நான்கு ஆண்டுகள் அவர் நின்றார். என் மாணவி கேட்ட அந்த ஓரிரவு, நான்கு ஆண்டுகளாக நீண்டது எனலாம்.

தீர்வு ஒரு கவிஞரால் வந்தது. நம் வட்டத்துப் பாவலர்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்று விழைகிறேன். ரிச்சர்ட் டேமெல் அக்கால ஜெர்மனியில் பெரும்புகழ் பெற்றவர். ஐம்பது வயதில் தாமே விரும்பிப் படையில் சேர்ந்தவராதலின், அவரைக் கோழை என எவரும் இகழ முடியாது. தோல்வி உறுதியாகிவிட்ட நிலையில், 1918 அக்டோபர் 22ஆம் நாள், 'ஃபோர்வெர்ட்ஸ்' இதழில், எஞ்சியோரெல்லாம் தாமே முன்வந்து இறுதிப் போரில் குதிக்க வேண்டுமென அவர் அறைகூவல் விடுத்தார். அந்நாள் பீட்டர் இறந்த நாளின் நான்காம் ஆண்டு நிறைவு. ஆறு நாள் கழித்து அதே இதழில் கேத்தே அம்மையாரின் மறுமொழி வெளிவந்தது. டேமெல் தம்மை ஈவதை அவர் மறுக்கவில்லை. அழைப்பை ஏற்று முதலில் ஓடிவருவோர் இளைஞரே ஆவர். நான்காண்டுகளாக அவர்கள் குருதி சிந்தியது போதும். மண்ணை இழப்பதினும் இளைஞரை இழப்பதே நாட்டுக்குப் பேரிழப்பு என்று வாதிட்டார். விதைக்கென வைத்த தானியத்தை அரைத்து உண்ணலாகாது என்னும் கருத்தமைந்த கதேயின் சொற்களோடு அம்மடல் முடிந்தது. சொல்லால் இளைஞரை அனுப்பிய கவிஞருக்கு, சொல்லால் மகனை அனுப்பிய தாய் எழுதிய மடல் அது. இரண்டு வாரத்திற்குள் போர் முடிந்தது.

பீட்டருக்குப் பிந்திய ஆண்டுகளின் கலைப்பணியை இங்கே விரிக்கவில்லை. 1919இல் பிரஷ்யக் கலைக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. அப்பேறு பெற்ற முதற் பெண்மணி அவரே. 1924இல் அவர் வரைந்த 'இனி ஒருபோதும் போர் வேண்டா' என்னும் சுவரொட்டி உலகறிந்தது. ஆனால் 1920களின் தொடக்கத்தில் அவர் செதுக்கிய 'போர்' என்னும் ஏழு மரச்செதுக்கு ஓவியங்களைப் பற்றிச் சொல்லாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. அவற்றுள் ஒரு போர்வீரனைக்கூடக் களத்தில் காண முடியாது. முதல் ஓவியத்தில் ஆடையற்ற தாய் தன் பச்சிளங்குழந்தையை இரு கையாலும் முன்னே நீட்டி நிற்கிறாள். அதன் பெயர் 'பலி'. இரண்டாவதில் சாவு முரசறைந்து முன்செல்ல, இளைஞர் மயங்கிய முகத்தோடு பின்செல்கின்றனர். சாவுக்கு மிக அருகில் இருப்பவன் பீட்டர். எஞ்சியவற்றில் பெற்றோரும், கைம்பெண்களும், குழந்தைகளைச் சுற்றி வளைத்து அரண்போல் நிற்கும் தாயருமே உளர். குழந்தையை நீட்டும் அந்த முதல் தாயைக் காணுங்கால், 1914 ஆகஸ்ட் 10ஆம் நாள் மாலையை எண்ணாதிருக்க இயலவில்லை. பிறர்மீது பழி சுமத்தி வரைந்த ஓவியம் அன்று அது.

1919இல் கைவிட்ட நினைவுச் சின்னப் பணியை 1920களின் நடுவில் மீண்டும் எடுத்தார். 1926 ஜூனில் கணவனும் மனைவியும் முதன்முறையாக மகனின் கல்லறைக்குச் சென்றனர். பெல்ஜியத்தின் ரோகவெல்ட கல்லறைத் தோட்டம். வரிசை வரிசையாகத் தாழ்ந்த சிலுவைகள். அங்குப் பூத்திருந்த காட்டு ரோஜாச் செடியில் மூன்று சிறு மலர்களைக் கொய்து மகனின் சிலுவையருகே வைத்தனர்.

புதிய அமைப்பில் மகனின் உருவம் மறைந்துவிட்டது. இறந்தவன் இல்லை, இருப்பவர் பெற்றோர் மட்டுமே. இருவரும் மண்டியிட்டிருக்கின்றனர். தந்தை நிமிர்ந்து, இரு கைகளாலும் தம்மையே இறுகக் கட்டிக்கொண்டு, வாய்மூடி நேரே நோக்குகிறார். தாய் போர்வைக்குள் குறுகி, தலைகுனிந்து கிடக்கிறார். தந்தையின் முகம் கார்லின் முகம். தாயின் முகம் கேத்தேயின் முகம். ஒரே பீடத்தில் இணைத்து வைக்காமல், இருவரையும் தனித்தனிக் கல்லில், இடைவெளி விட்டு அமைத்தார். மன்னிப்பு வேண்டும் தோற்றம் இது என்பர் சிலர். துயரத்தில் ஒருவரை ஒருவர் தொடவும் இயலாத தனிமை என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பெல்ஜியக் கருங்கல்லில் செதுக்கப்பெற்று 1932இல் பணி நிறைவெய்தியது. மகன் வாழ்ந்த ஆண்டுகள் பதினெட்டு. அவனுக்கான கல் உருவாக எடுத்துக்கொண்ட ஆண்டுகளும் பதினெட்டு.

அவ்வாண்டு ஜூலை இறுதியில் சிலைகள் கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பெற்றன. கணவருடன் அங்குச் சென்ற அம்மையார், தாயின் சிலைமுன் நின்று தம் முகத்தையே நோக்கினார், அழுதார், அக்கல்லின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தார். கார்ல் அவருக்கு மிக அருகில், பின்னால் நின்றார். ஆம், ஆம் என்று அவர் மெல்ல உரைத்தது மனைவியின் செவியில் விழுந்தது. முதல்முறை அவரிடம் இரந்து பெற்ற ஒப்புதலையும், இரவாமலே வந்த இந்த ஒப்புதலையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்கிறேன்.

அடுத்து வந்தவை இருண்ட ஆண்டுகள். 1933இல் இட்லர் ஆட்சிக்கு எதிராக ஒன்றிணையுமாறு கோரிய வேண்டுகோளில் கையொப்பமிட்டமைக்காகக் கலைக் கழகத்திலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். 1936இல் கெஸ்டபோக் காவலர் வீட்டுக்கு வந்து வதைமுகாமைக் காட்டி அச்சுறுத்தினர். அந்நிலை வரின் உயிர்விடுவதென இருவரும் முடிவு செய்திருந்தனர். 1940 ஜூலையில் கார்ல் காலமானார். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த அந்நாளில், 1942ஆம் ஆண்டு, முதியவள் ஒருத்தி தன் மேலாடைக்குள் சிறுவர் மூவரை அடைத்துக் காக்கும் கல்லச்சு ஓவியத்தை அம்மையார் வரைந்தார். சிறுவர்களோ வெளியே பாய்ந்தோடத் துடிப்போராய்த் தலைநீட்டுகின்றனர். விதைத் தானியம் பற்றிய அந்தப் பழைய சொற்களையே அதற்குத் தலைப்பாக்கினார். இம்முறை அவர் எவரையும் அனுப்பவில்லை. எவரும் அவரைக் கேட்கவுமில்லை. ஹான்ஸ் தம் மூத்த மகனுக்கு, மறைந்த தம்பியின் நினைவாகப் பீட்டர் என்றே பெயரிட்டிருந்தார். அப்பேரன் 1942 செப்டம்பரில் ரஷ்யக் களத்தில் இறந்தான்.

1943இல் அம்மையார் பெர்லினை விட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் குண்டுவீச்சில் வைசன்பர்கர் தெரு வீடு எரிந்தழிந்தது. ஐம்பதாண்டு வாழ்ந்த இல்லம். டிரெஸ்டனை அடுத்த மோரிட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில், 1945 ஏப்ரல் 22ஆம் நாள், போர் ஓய்வதற்கு இரண்டு வாரமும் சில நாள்களும் இருக்க, எழுபத்தேழாம் வயதில் அவர் உயிர் நீத்தார்.

சிதறிக் கிடந்த ஜெர்மானியக் கல்லறைகளை 1950களில் ஒருங்குதிரட்டியபோது, பீட்டரின் எச்சங்களும் அக்கற்சிலைகளும் அருகிலுள்ள வ்லாட்ஸ்லோ என்னும் இடத்திற்கு மாற்றப்பெற்றன. ஓக் மரங்கள் நிழல் செய்யும் அத்தோட்டத்தில் இருபத்தையாயிரத்திற்கும் மேற்பட்ட வீரர் துயில்கின்றனர். தனிச் சிலுவைகள் இல்லை. ஒவ்வொரு தரைக்கல்லிலும் பலர் பெயர்கள். பீட்டர் கோல்விட்ஸ் என்னும் பெயர் தாங்கிய கல் சிலைகளுக்கு முன்னே பதிக்கப்பெற்றுள்ளது. தந்தையின் பார்வை அக்கல்லின்மேல் விழுகிறது. தாய் இன்னும் தலை நிமிரவில்லை.